வாரம் ஏழு மணி நேரத்தில் சைக்கிள் பயிற்சி

வேலை, வீடு, தூக்கம் எல்லாம் போக வாரத்தில் ஏழு மணி நேரம் சைக்கிளுக்குக் கிடைக்கிறது என்றால் அது குறைவான நேரம் இல்லை. தொழில்முறை வீரர்கள் இருபது மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறார்கள். அவர்களுடைய அட்டவணையை எடுத்து நாலில் ஒரு பங்காகச் சுருக்கி ஓட்டிப் பார்ப்பவர்கள் நிறைய. ஆறு மணி நேரப் பயணத்தை ஒன்றரை மணி நேரமாக்கினால் அதில் கிடைக்க வேண்டியது கிடைக்காமலே போய்விடும். ஏழு மணி நேரத்துக்கு அதற்கே உரிய கணக்கு உண்டு. அந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே பழக்கம்தான்: எந்த நாளானாலும் ஒரே மாதிரி, அரைக் கஷ்டத்தில் ஓட்டுவது.

அரைக் கஷ்டம் எப்படி இருக்கும் என்று ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். மூச்சு வாங்கும், ஆனால் திணறாது. இரண்டு மூன்று வார்த்தை பேசலாம், கதை சொல்ல முடியாது. வீடு திரும்பும்போது சட்டை நனைந்திருக்கும், சராசரி வேகம் பார்க்கத் திருப்தியாக இருக்கும். சிக்கல் மறுநாள் தொடங்குகிறது. நிஜமாகவே கடுமையாக ஓட்ட வேண்டிய நாளில் காலில் தெம்பு இருக்காது. அதனால் அன்றும் அரைக் கஷ்டம். இப்படியே மாதங்கள் போனால், தொடக்கத்தில் ஏறிய வேகம் அங்கேயே நின்றுவிடும். வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் கிடைக்கிறது என்பவருக்கு இந்த நடு வேகம் தப்பில்லை. உடல் தேற இடையில் நாட்கள் இருக்கின்றன. ஐந்து மணி நேரத்தைத் தாண்டும்போதுதான் மெதுவான நாள், கடுமையான நாள் என்று பிரிக்க வேண்டிய அவசியம் வருகிறது.

வாரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம்: செவ்வாய் ஒன்றேகால் மணி நேரம் கடுமையாக, வியாழன் ஒன்றேகால் மணி நேரம் கடுமையாகவோ மெதுவாகவோ, சனி ஒரு மணி நேரம் மெதுவாக, ஞாயிறு மூன்றரை மணி நேரம் நீளமாக. திங்கள், புதன், வெள்ளி சைக்கிளைத் தொட வேண்டாம். வியாழனை ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறேன் என்றால், அதைச் செவ்வாய்க்கிழமையின் கால்கள் முடிவு செய்ய வேண்டும். வியாழன் காலை படி ஏறும்போதே தொடை கனத்தால் அன்று மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். நாட்கள் மாறலாம், கடுமையான இரண்டு நாட்களுக்கு நடுவே 48 மணி நேரம் இருந்தால் போதும்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? முழு வாக்கியமாக, நடுவில் மூச்சுக்கு நிறுத்தாமல் பேச முடிய வேண்டும். கருவி எதுவும் இல்லாதவருக்கு இந்த ஒரு சோதனை போதும். மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் இருந்தால் எஃப்டிபியில், அதாவது சுமார் ஒரு மணி நேரம் விடாமல் தரக்கூடிய உச்ச வாட்டில், 56 முதல் 75 சதவீதம். இதயத் துடிப்புப் பட்டை மட்டும் இருந்தால் 220லிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தை நம்ப வேண்டாம். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் போவது அதில் சாதாரணம். அதற்குப் பதிலாக, இடையூறு இல்லாத சாலையில் தனியாக 30 நிமிடம் முழு முயற்சியுடன் ஓட்டுங்கள். பத்தாவது நிமிடத்தில், துடிப்பைக் காட்டும் மீட்டரில் புதுக் கணக்கைத் தொடங்கும் லேப் பட்டனை அழுத்துங்கள். கடைசி 20 நிமிடங்களின் சராசரித் துடிப்புதான் உங்கள் எல்லைத் துடிப்பு. அது 170 என்றால் மெதுவான நாளில் 145ஐத் தாண்ட வேண்டாம், அதாவது 85 சதவீதம்.

இந்த எண்ணை முதல்முறை பார்க்கும்போது பலருக்கு நம்பிக்கை வராது. இவ்வளவு மெதுவாகவா, நடந்தே போகலாமே என்று தோன்றும். ஆனால் தசைச் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதும், தசையைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுவதும், ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு உயர்வதும் இந்த வேகத்திலேயே நடக்கின்றன. மறுநாள் தேறுவதற்கு அதிகச் செலவும் இல்லை. நேரம் மட்டும் நிறைய வேண்டும். அதனால்தான் வாரத்தின் பாதி ஞாயிற்றுக்கிழமைக்குப் போகிறது.

சமதரையில் மெதுவாக ஓட்டுவது எளிது, மேடு வந்தால் கட்டுப்பாடு போய்விடும். இதற்கு மன உறுதி இல்லாததே காரணம் என்று நினைப்பவர்கள் முதலில் தங்கள் கியரை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, மேடு 8 சதவீதம், எஃப்டிபி 210 வாட் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருந்தால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.2 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கி.மீ. வேகம், அதற்கு ஏறத்தாழ 155 வாட் தேவை. மெதுவான நாளின் மேல் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. அதே மேட்டில் முன்னால் 36, பின்னால் 28 பல் மட்டும் இருந்தால் 8 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 49 சுற்றுதான் வரும், ஒவ்வொரு மிதியும் முழங்காலில் இறங்கும். மூட்டைக் காப்பாற்ற 70 சுற்றுக்கு ஏற்றினால் வேகம் 11 கி.மீ.யைத் தாண்டும், தேவை 215 வாட் ஆகிவிடும். எஃப்டிபிக்கே மேலே. அந்தக் கியரில் அந்த மேட்டை யாராலும் மெதுவாக ஏற முடியாது. பின்பக்கப் பல்சக்கரத் தொகுப்பை மாற்றுவது விலை உயர்ந்த சக்கரம் வாங்குவதைவிட எத்தனையோ மடங்கு பயன் தரும். வாங்கும் முன் பின் டீரெய்லர் (derailleur), அதாவது செயினைப் பல் மாற்றும் அந்தக் கை, எத்தனை பல் வரை தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீண்ட பயணத்தின் கடைசி ஒரு மணி நேரத்தில் அதே வாட்டில் ஓட்டினாலும் துடிப்பு மெல்ல ஏறும். வெயிலும் உடலில் நீர் குறைவதும் முக்கியக் காரணங்கள். ரத்தத்தின் அளவு குறையும்போது இதயம் துடிப்பைக் கூட்டி ஈடுகட்டுகிறது. முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவே 5 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் கவலை இல்லை. பத்துக்குப் பக்கத்தில் போனால், ஒன்று தண்ணீர் போதவில்லை, அல்லது அந்தத் தூரத்துக்கு உடல் இன்னும் பழகவில்லை. தூரத்தைக் கூட்டும்போது வாரத்துக்கு 20 முதல் 30 நிமிடம் மட்டும் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டிய வாரத்தில் கடுமையான நாளின் அளவைத் தொட வேண்டாம்.

இனி கடுமையான நாள். 15 நிமிடம் உடலைச் சூடாக்கி, அதில் மூன்று முறை ஒரு நிமிடம் வேகம் பிடித்து விடுங்கள். பிறகு எட்டு நிமிடம் வீதம் நான்கு இன்டர்வல், அதாவது கடுமையாக ஓட்டும் துண்டுகள், நடுவே மூன்று நிமிடம் லேசாக. இலக்கு: நான்கையும் ஒரே அளவில் முடிக்கக்கூடிய உச்சம். எல்லாரும் செய்கிற தவறு, முதல் எட்டு நிமிடத்தைப் பாய்ச்சலாக ஓட்டிவிட்டு மூன்றாவதில் நொண்டுவது. முதலாவது கொஞ்சம் சுலபமாகத்தான் தோன்ற வேண்டும். மூன்றாவதின் நடுவில்தான் உண்மையான வேதனை வர வேண்டும். மூன்றாவது இன்டர்வலில் இலக்கிலிருந்து 10 சதவீதம் கீழே விழுந்துவிட்டால் நிறுத்திவிட்டு மெதுவாக வீடு போய்ச் சேருங்கள். அன்று உடலில் இருந்தது அவ்வளவுதான். நான்காவதையும் இழுத்துப் பிடித்து ஓட்டினால் வியாழக்கிழமையும் சேர்ந்து போகும்.

இன்னொரு வகை, எஃப்டிபியை ஒட்டிய நீண்ட இன்டர்வல். 90 முதல் 95 சதவீதத்தில் மூன்று பத்து நிமிடங்களில் தொடங்கி, சில வாரங்களில் மூன்று பன்னிரண்டு, பிறகு இரண்டு இருபது என்று வளர்க்கலாம். இலக்கு வாட்டை அப்படியே வைத்து, நேரத்தை மட்டும் கூட்டுவது பாதுகாப்பான வழி. இதயத் துடிப்பைப் பார்த்து இந்த இன்டர்வல்களை ஓட்ட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். துடிப்பு ஏறிவர ஒரு நிமிடத்துக்கும் மேலாகும். அது வரும்வரை துரத்தினால் தொடக்கமே அதிகமாகிவிடும். பவர் மீட்டர் இல்லாதவர் ஒரே மேட்டைத் தேர்ந்தெடுத்து, எட்டு நிமிடத்தில் எந்த மரம், எந்தக் கம்பம் வரை எட்டினோம் என்று குறித்துக்கொண்டால் போதும். வீட்டுக்குள் டிரெயினரில், அதாவது சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் கருவியில், ஓட்டுவதானால் பெரிய மின்விசிறி ஒன்று நேர் எதிரே இருக்க வேண்டும். காற்று இல்லாவிட்டால் சூட்டினாலேயே துடிப்பு ஏறும், வாட் இறங்கும்.

எஃப்டிபியைக் கண்டுபிடிக்க 20 நிமிடச் சோதனை செய்து, வந்த சராசரி வாட்டை 0.95ஆல் பெருக்குவது பழகிப்போன முறை. அதன் மூல வடிவத்தில் அந்த 20 நிமிடத்துக்கு முன்னால் 5 நிமிடம் முழு முயற்சி ஒன்று உண்டு. உடலில் கிடக்கும் குறுகிய நேர வேகத்தைச் செலவழித்துவிடத்தான் அது. பலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். அப்போது 20 நிமிட எண் ஊதிப் பெருத்து வரும், அதிலிருந்து கணக்கிட்ட எல்லா எல்லையும் ஏறிவிடும். உண்மையில் 215 வாட் உள்ளவர் 228 என்று நம்பிவிட்டால், அவர் 75 சதவீதம் என்று ஓட்டும் 171 வாட் நிஜத்தில் 80 சதவீதத்தைத் தொடுகிறது. மெதுவான நாள் அவருக்கே தெரியாமல் அரைக் கஷ்டமாகிவிடும். எஃப்டிபி குறைவாக வந்தால் முகம் வாடத் தேவையில்லை. பயிற்சிக்குக் குறைவான எண்ணே நல்லது.

கூட்டமாக ஓட்டுவதில் உள்ள சந்தோஷத்தை எந்த அட்டவணையும் தராது. ஆனால் கணக்கில் அதைக் கடுமையான நாளாகவே எழுதுங்கள். காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் முப்படியில் ஏறுகிறது. காற்றே வீசாத நாளில் 20 கி.மீ. வேகத்திலிருந்து 40க்குப் போனால் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். அதனால்தான் ஒருவர் பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு நல்ல மிச்சம், முன்னால் இருப்பவருக்குச் செலவு. முன்னால் உங்கள் முறை வரும்போது வேகத்தைக் கூட்டாதீர்கள், அதே வேகத்தை மட்டும் பிடியுங்கள். வேகம் கூட்டினால் கடைசி ஆள் அறுந்து போவார். உங்கள் முன் சக்கரம் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தின் பக்கவாட்டில் நுழைய விடாதீர்கள். அவர் கொஞ்சம் விலகினாலும் உங்கள் முன் சக்கரம் தட்டும், விழுவது நீங்கள்தான். கண் அவருடைய சக்கரத்தில் இருக்கக் கூடாது. இடுப்புக்கு மேலே, முடிந்தால் அவரையும் தாண்டி இரண்டு ஆள் முன்னே பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயம் தனிக் கட்டுரைக்குத் தாங்கும், ஆனால் அதை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச முடியாது. உடல் தசைகளில் 400 முதல் 500 கிராம் வரை, கல்லீரலில் சுமார் 100 கிராம் மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிறது. ஏறத்தாழ 2000 கிலோ கலோரி. செலவைக் கணக்கிட ஒரு சுலபமான வழி உண்டு: பவர் மீட்டர் காட்டும் கிலோ ஜூல் எண்ணிக்கையை அப்படியே கிலோ கலோரியாக எடுத்துக்கொள்ளலாம். உடலின் திறன் 20 முதல் 25 சதவீதம் என்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. 150 வாட்டில் ஒரு மணி நேரம் என்றால் 540, மூன்றரை மணி நேரத்துக்கு 1890. அதில் ஒரு பங்கு கொழுப்பிலிருந்து வருகிறது. இருந்தாலும் சாப்பிடாமல் ஓட்டினால் மூன்றாம் மணி நேரத்தில் கை வெடவெடக்கும், காரணமே இல்லாமல் எரிச்சல் வரும், சின்ன மேட்டில்கூட வண்டி நின்றுவிடும். அந்த நிலைக்குப் போன பிறகு சாப்பிட்டால் மீண்டு வர அரை மணி நேரமாவது ஆகும்.

ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் போதுமான அளவு. கடிகாரம் பார்த்துச் சாப்பிட வேண்டும். முதல் வாய் 25வது நிமிடத்துக்குள், பிறகு 20 நிமிடத்துக்கு ஒருமுறை. பசி வந்த பிறகு என்றால் தாமதம். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பானமாக வேண்டுமென்றால் 750 மி.லி. தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. சர்க்கரை மட்டமாக அளந்தால் ஐந்து மேசைக்கரண்டி வரும். 8 சதவீதக் கரைசல். இதைவிடக் கெட்டியானால் வயிற்றிலேயே தங்கிப் பிரட்டும். கால் தேக்கரண்டி உப்பில் 600 மில்லி கிராம் அளவுக்குச் சோடியம் இருக்கிறது. கடையில் டப்பாவில் விற்கும் பொடிகளில் இருப்பதும் அடிப்படையில் இதுதான்.

60 கிராமுக்கு மேல் போக விரும்பினால் குளுக்கோஸ் மட்டும் போதாது. குடல் சுவரில் குளுக்கோஸைக் கடத்தும் வழி ஒரு மணி நேரத்துக்கு 60 கிராம் அளவில் நிரம்பிவிடும். ஃபிரக்டோஸுக்கு வேறு வழி இருக்கிறது. இரண்டையும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம். சாதாரணச் சர்க்கரையில் இரண்டும் பாதிக்குப் பாதி இருப்பது வசதி. ஆனால் முதல் நாளே 90 கிராம் ஊற்றினால் வயிறு உப்பும், வழியில் ஒதுங்க இடம் தேட வேண்டி வரும். வாரத்துக்கு 10 கிராம் வீதம் ஏற்றுங்கள், குடலும் பழகுகிற உறுப்புதான். எடை குறைக்க நினைப்பவர்கள் சைக்கிளில் இருக்கும்போது சாப்பாட்டைக் குறைப்பது எல்லாவற்றிலும் மோசமான யோசனை. பயிற்சியும் கெடும், அன்று மாலை கண்ணில் பட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும். குறைப்பதானால் ஓய்வு நாள் இரவில் குறையுங்கள்.

தண்ணீர் எவ்வளவு என்பதற்கு எடை இயந்திரம் பதில் சொல்லும். கிளம்பும் முன் 70 கிலோ, திரும்பியதும் உடம்பைத் துடைத்துவிட்டு 69. நடுவே குடித்தது ஒன்றரை லிட்டர், சிறுநீர் கழிக்கவில்லை. மூன்று மணி நேரத்தில் வியர்வை இரண்டரை லிட்டர், மணிக்கு சுமார் 830 மி.லி. எடை இழப்பு 2 சதவீதத்தைத் தாண்டினால் அடுத்த முறை கூடுதலாகக் குடியுங்கள். எடை ஏறியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். வெறும் தண்ணீராகக் குடித்துக் குடித்து ரத்தத்தில் சோடியம் குறைந்துபோவது உயிருக்கே ஆபத்து. தலைவலி, குமட்டல், விரல்கள் வீங்குவது என்று தொடங்கும்; நீர் வற்றிவிட்டது என்று தப்பாக நினைத்து மேலும் தண்ணீர் குடிப்பவர்கள் உண்டு.

பயிற்சியை நிறுத்தும் காயங்களில் முழங்கால்தான் அடிக்கடி வருவது, அதில் பாதிக்கு மேல் சீட் உயரத்தில் முடிகிறது என்பது என் எண்ணம். செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நின்று, ஒரு கெட்டியான புத்தகத்தைத் தொடை இடுக்கில் சீட்டில் உட்காரும் அழுத்தத்துக்கு ஏற்றிப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்து 0.883ஆல் பெருக்குங்கள். கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை, சீட் தண்டின் போக்கிலேயே, அந்த அளவு இருக்க வேண்டும். கால் அளவு 80 செ.மீ. என்றால் 70.6. இது தொடக்கப் புள்ளி மட்டுமே. கிராங்க் நீளமும் ஷூவின் அடித்தடிமனும் இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள் வருகிறதா என்று பக்கவாட்டில் படம் எடுத்துச் சரிபார்க்கலாம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருப்பது வழக்கமான காரணம். பின்பக்கம் வலித்தாலோ, பின்னாலிருந்து பார்க்கிறவருக்கு இடுப்பு இடமும் வலமும் ஆடுவது தெரிந்தாலோ சீட் உயரம். 3 மி.மீ. மாற்றி, மூன்று முறை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த மாற்றம். பழைய இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தால்தான் திரும்பிப் போக முடியும்.

முழங்காலின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் கிளீட்டை, அதாவது ஷூவின் அடியில் பெடலில் மாட்டும் துண்டைப் பாருங்கள். ஷிமானோவின் சாலை சைக்கிள் கிளீட்டில் மஞ்சள் 6 டிகிரி அசைவு தரும், நீலம் 2 டிகிரி, சிவப்பு அசையவே அசையாது. தெளிவான காரணம் இல்லாமல் மஞ்சளை விட்டு நகர வேண்டாம். உள்ளங்கை மரத்துப்போவது பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கத்து நரம்பில் எடை விழுவதால். ஹேண்டில்பாரை உயர்த்தும் முன் சீட்டின் மூக்கு தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்தால் உடல் வழுக்கி முன்னே வரும், கைதான் அதைத் தடுத்துத் தாங்கும். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை அணியக் கூடாது. அதன் தையல்தான் புண்ணாக்கும். ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வண்டியில் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியது காற்று. டியூப் உள்ளே இருந்து மெல்லக் கசிவது சாதாரணம். 70 கிலோ ஆள், 28 மி.மீ. டயர் என்றால் பின்னால் 70 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில், முன்னால் ஐந்து குறைவு. அதிலிருந்து தொடங்கி உங்கள் சாலைக்கு ஏற்ப மாற்றலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வரை அடிப்பது பழைய பழக்கம். கரடான சாலையில் அதிகக் காற்று வண்டியைத் துள்ள வைத்து வேகத்தைத் தின்கிறது.

பஞ்சர் ஆனால் டியூபை மாற்றும் அவசரத்தில் காரணத்தைத் தேடாமல் விடுகிறார்கள், அடுத்த கிலோமீட்டரில் மறுபடி உட்காருகிறார்கள். டயரில் எழுதியிருக்கும் பெயர் எப்போதும் வால்வுக்கு நேராக இருக்கும்படி பொருத்தி வையுங்கள். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்ததும் டயரில் அதே இடத்தைப் பார்க்கலாம். வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் கண்ணாடித் துண்டோ கம்பியோ இன்னும் டயரிலேயே குத்திக்கொண்டிருக்கும். பாம்பு கடித்தது போல் அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைவு, குழியில் டியூப் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப் நகர்ந்திருக்கிறது. புது டியூபில் வடிவம் வருமளவுக்குக் கொஞ்சம் காற்றடித்து உள்ளே வைத்து, டயர் விளிம்பை ரிம்முக்குள் ஏற்றுவதை வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி, வால்வில் முடியுங்கள். கடைசியில் வால்வை உள்ளே தள்ளி இழுத்தால் டயர் விளிம்பில் டியூப் மாட்டிக்கொள்ளாது.

செயினுக்கு எண்ணெய் விடுவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு மதம், அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. எந்த எண்ணெய் ஆனாலும் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, பெடலைப் பின்பக்கமாக ஒரு நிமிடம் சுற்றி, ஓர் இரவு விட்டு, காலையில் வெளிப்புறத்தைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். எண்ணெய்க்கு வேலை உருளைக்கு உள்ளேதான். வெளியே இருப்பது மண்ணைப் பிடித்து வைத்து அரைக்கும். தேய்மானத்தை அளக்க அளவுகோல் போதும்: புதுச் செயினில் 24 கண்ணிகள் மிகச் சரியாக 12 அங்குலம். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டால் அரை சதவீதத் தேய்மானம். பின்னால் 11 அல்லது 12 பல்சக்கரம் உள்ள வண்டியில் அப்போதே மாற்ற வேண்டும். 10 அல்லது அதற்குக் கீழே என்றால் 0.75 வரை விடலாம். தள்ளிப்போட்டால் பல்சக்கரமும் அதே அளவுக்குத் தேய்ந்து, பிறகு புதுச் செயின் மாட்டினால் அழுத்தி மிதிக்கும்போது பல்லிலிருந்து துள்ளும். டிஸ்க் பிரேக் இருந்தால் எண்ணெய் ஸ்பிரேயை வண்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். பேடில் பட்டால் பெரும்பாலும் புதுப் பேடுதான்.

நான்காவது வாரம் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். கடுமையான நாள் ஒன்று இருக்கட்டும், ஆனால் நான்கு இன்டர்வலுக்குப் பதில் இரண்டு. மிச்ச நாட்களில் மீட்டரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பிடித்த சாலையில் பிடித்த இடத்தில் நின்று வரலாம். இந்த வாரத்தைத் தவிர்ப்பவர்கள்தான் ஏழாவது எட்டாவது வாரத்தில் சளி பிடித்துப் படுக்கிறார்கள். காலையில் எழுந்ததும் எண்ணும் துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக இரண்டு மூன்று நாள் நின்றால், தூக்கம் கெட்டால், அல்லது சைக்கிளைப் பார்க்கவே பிடிக்காமல் போனால் ஓய்வு வாரத்தை முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

உடம்பு சரியில்லாதபோது ஒரு எளிய எல்லை: மூக்கடைப்பு, லேசான தும்மல் என்று கழுத்துக்கு மேலே மட்டும் இருந்தால் மெதுவாக முக்கால் மணி நேரம் ஓட்டலாம். காய்ச்சல், உடல் வலி, நெஞ்சுச் சளி இருந்தால் ஓட்டக் கூடாது. காய்ச்சலோடு கடுமையாக ஓட்டினால் இதயத் தசையில் அழற்சி வரும் ஆபத்து உண்டு. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் முழுதாகக் கழிந்த பிறகு, வழக்கமான நேரத்தில் பாதியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நெஞ்சு அடைத்தாலோ படபடப்பு வந்தாலோ மருத்துவரிடம்தான் போக வேண்டும். பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் குறைவது பெரும்பாலும் ரத்தத்தின் நீர்ப்பகுதி. ஓட்டத் தொடங்கினால் சீக்கிரமே திரும்பிவிடும். அதனால் முதல் வாரம் இன்டர்வலே வேண்டாம். இரண்டாவது வாரம் எஃப்டிபியை 5 சதவீதம் குறைத்து வைத்துக்கொண்டு எட்டு நிமிட இன்டர்வல் இரண்டு, மூன்றாவது வாரம் நான்கு. அந்த நான்காவதும் முதலாவதைப் போலவே வந்தால் பழைய எண்ணுக்கு ஏற்றிக்கொள்ளலாம்.